கேஸ் என்றால் சிலிண்டர் அல்ல

(நம் சங்க அரங்கில் ஞாயிறு மாலை, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே என்னையும் கேட்கப்போகும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வணக்கம்.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய அறிவிப்பில் "கேஸ் ஸ்டடியின் பயன்" என்று இருந்தது. அதைப் பார்த்து இரண்டு பேர் என்னிடம், குழாய் வழியாக கேஸ் எப்போது வரும், டெபாசிட் எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்றாவது மாடியில் ஒருவர், யார் மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று கவலையோடு விசாரித்தார். இரண்டும் இல்லை. எம்.பி.ஏ. படிப்பில் கேஸ் ஸ்டடி என்று ஒன்று இருக்கிறது. நம் குடியிருப்பில் இந்த வருஷம் நாலு பிள்ளைகள் எம்.பி.ஏ. சேரப்போகிறார்கள். "அங்கிள், புத்தகத்தில் கேஸ் வருகிறது, அதைப் படித்து என்ன பிரயோஜனம்?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டது. அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்த மைக் என் கைக்கு வந்தது.

நான் பேராசிரியர் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். பெரம்பலூர் பக்கமும் அரியலூர் பக்கமுமாக மாறிமாறி வேலை. பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன். காரணம் கேட்காதீர்கள், அது வீட்டு கேஸ். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில், இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் 1870-இல் லாங்டெல் என்ற பேராசிரியர், சட்ட விதிகளை மனப்பாடம் செய்யவைப்பதை விட்டுவிட்டு, நடந்து முடிந்த வழக்குகளின் தீர்ப்புகளைக் கொடுத்து, "நீ என்ன சொல்கிறாய்?" என்று மாணவனைக் கேட்க ஆரம்பித்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1908-இல் வணிக மேலாண்மைப் பள்ளி வந்தது. 1919-இல் அதற்குத் தலைவராக வந்தவர் வாலஸ் டோனம். சட்டம் படித்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். நம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்குத் தீர்ப்பு எப்படியோ, வியாபாரம் படிப்பவனுக்கு நடந்த பிரச்சினை அப்படி என்று அவர்தான் பிடித்துக்கொண்டார்.

அங்கே 1921-இல் எழுதப்பட்ட முதல் கேஸ் ஒரு செருப்பு கம்பெனியைப் பற்றியது. ஜெனரல் ஷூ கம்பெனி. மொத்தமே ஒரு பக்கம்தான். பிரச்சினை என்ன தெரியுமா? மதியமும் சாயங்காலமும் மணி அடிப்பதற்குக் கால் மணி, முக்கால் மணி முன்பே தொழிலாளிகள் கையை நிறுத்திவிடுகிறார்கள். ஏன், என்ன செய்யலாம்? அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஆபீசில் இது இல்லை? நம் எறையூர் சிப்காட்டில் இப்போது காலணித் தொழில் வந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஒரு பக்கம் நாளைக்கு நம் ஊருக்கே பொருந்தலாம்.

இந்தியாவுக்கு இந்த முறை வந்தது 1961-இல், ஹார்வர்டின் துணையோடு அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கியபோது. பிறகு எல்லா இடத்துக்கும் பரவியது. 2011-இல் திருச்சிக்கே ஒரு ஐ.ஐ.எம். வந்துவிட்டது. நாம் திருச்சிக்கு ஜவுளி எடுக்கப் போகிறோம், புதுக்கோட்டை சாலையில் அதைத் தாண்டியும் போகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, கேஸ் என்றால் என்ன? ஒருவர் ஒரு முடிவு எடுக்கவேண்டிய இடத்தில் நிற்கிறார். அவருக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு. கையில் இவ்வளவு பணம், இவ்வளவு நேரம். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார்கள். அடுத்து என்ன என்று படிக்கிறவன் சொல்லவேண்டும். பரீட்சைக் கணக்குக்குக் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். இதற்கு இருக்காது.

சொல்லிப் புரியவைப்பதைவிட ஒன்றைச் செய்து பார்ப்போம். நம் மண்ணிலேயே நடந்தது. பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்: 1956 அரியலூர் ரயில் விபத்து.

நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும் எக்ஸ்பிரஸ். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றுப் பாலம். வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. வண்டி அதன்மேல் ஏறியதும் எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் என் பாட்டி சாகும்வரை, மருதையாற்றில் தண்ணீர் வந்தது என்று யாராவது சொன்னால் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவார்.

ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். இது எல்லாப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கிறது. நேர்மைக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லி, கைதட்டி, மேடையை விட்டு இறங்கிவிடுகிறோம். அங்கேதான் நான் உங்களை நிறுத்தப்போகிறேன். கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.

அதே 1956, செப்டம்பர் 2. இப்போதைய தெலங்கானாவில் மகபூப்நகர் அருகே இதேபோல வெள்ளத்தில் பாலம் போய், ரயில் விழுந்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. இரண்டாம் முறை, அரியலூருக்குப் பிறகுதான் ஏற்றார். அப்போதும், சாஸ்திரி மேல் குற்றம் என்பதற்காக அல்ல, மக்களாட்சியில் இது ஒரு முன்னுதாரணமாக இருக்கவேண்டும் என்பதற்காக ஏற்பதாகச் சொன்னார்.

செப்டம்பர் 2-க்கும் நவம்பர் 23-க்கும் நடுவே எத்தனை நாள்? 82 நாள். இப்போது நீங்கள்தான் அமைச்சர். மேஜையில் உங்கள் ராஜினாமாக் கடிதம் திரும்பி வந்து கிடக்கிறது. தேதி செப்டம்பர். தென்மேற்குப் பருவமழை வடக்கே முடியப்போகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கவே இல்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பாலங்கள், பல வெள்ளைக்காரன் காலத்தவை. அத்தனையையும் 82 நாளில் பலப்படுத்த முடியாது. பணமும் இல்லை, ஆளும் இல்லை. என்ன உத்தரவு போடுவீர்கள்?

அன்று கூட்டத்தில் இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கிளம்பியது பாருங்கள். இரவு வண்டிகளையே மழைக்காலத்தில் நிறுத்தவேண்டும் என்றார் ஒருவர். அப்படியானால் பால் வண்டியும் தபாலும் என்னாவது என்று இன்னொருவர். பி-பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே நண்பர் எழுந்து, மழைக்காலத்தில் தண்டவாளத்தில் இரவு ரோந்து போகும் ஆளைப் பற்றியும், பாலத் தூணில் தண்ணீர் இந்த அளவுக்கு மேல் ஏறினால் ஆபத்து என்று போட்டிருக்கும் குறியைப் பற்றியும், டிரைவருக்குக் கொடுக்கும் எச்சரிக்கைச் சீட்டைப் பற்றியும் சொன்னார். கையில் லாந்தரோடு மழையில் நடக்கும் அந்த ஆள் "வண்டியை நிறுத்து" என்று சொன்னால் கேட்பார்களா, வண்டி வீணாகத் தாமதமானால் அவன்மேல் மெமோ வருமா என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். அருமையான கேள்வி. அமைச்சரில் ஆரம்பித்து ரோந்துக்காரனிடம் வந்துவிட்டோம், பார்த்தீர்களா? டெல்லியில் போடும் உத்தரவு மருதையாற்றங்கரை வரை எப்படி வந்து சேரும் என்பதுதான் மேலாண்மை. பாடப்புத்தகத்தில் இதற்குத் "தகவல் தொடர்பு வழிகள்" என்று ஒரு தலைப்பு, கீழே ஏழு பாயிண்ட். அதைப் படித்தால் தூக்கம் வரும். இதைப் பேசினால் வரவில்லை.

இன்னொன்றும் கவனித்தீர்களா? ராஜினாமா செய்தது சரியா என்ற கேள்வியையே நாம் மறந்துவிட்டோம். எடுத்துப் பேசினால் அதிலும் இரண்டு பக்கம் உண்டு. பொறுப்பேற்று விலகுவது ஒரு பொறுப்பு, இருந்து சரிசெய்வது இன்னொரு பொறுப்பு. விலகிய சாஸ்திரியை வணங்குகிறோம். அவருக்கு அப்போது துணை அமைச்சராக இருந்த நம் ஓ.வி. அழகேசன் பெயரை வைத்து 1957 தேர்தலில் எதிர்க்கட்சி முழக்கம் போட்டது. ஒரே விபத்து, இரண்டு பேருக்கு இரண்டு விதமான பெயர். ஏன்? வீட்டில் போய் யோசியுங்கள்.

(ஒரு தற்செயல்: அரியலூர் மாவட்டம் இப்போதைய வடிவில் தொடங்கப்பட்டதும் நவம்பர் 23-தான், 2007-இல். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது, 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002-இல் திரும்பச் சேர்ந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. எங்கள் வங்கியில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்த கடைக்காரருக்கு அது பொற்காலம். நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு அதுவும் நல்ல கேஸ்தான்.)

இனி என் கதை. இதைச் சொல்லவேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மனைவிதான், "மற்றவன் கேஸை எல்லாம் அலசுகிறீர்கள், உங்கள் கேஸையும் வையுங்கள்" என்றாள்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். செட்டிகுளம் பக்கத்து கிராமம். ஒரு விவசாயி, மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம், சின்ன வெங்காயம். எங்கள் கிளையில் பயிர்க்கடன் வாங்கியிருந்தார். பயிர் எடுத்ததும் கட்டவேண்டும் என்பது நிபந்தனை. வெங்காயம் வந்துவிட்டது, நன்றாகவும் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றாக வந்ததால் விலை விழுந்துவிட்டது. பறிகூலிக்குக்கூடக் காணாத விலை. அவர் வந்து, "சார், மூணு மாசம் தவணை கொடுங்க. பட்டறை போட்டு வைக்கிறேன், விலை ஏறுனதும் வித்துக் கட்டிடுறேன்" என்றார். பட்டறை தெரியும் அல்லவா? காற்றோட்டமாகப் படல் கட்டி, மேலே கூரை வேய்ந்து, வெங்காயத்தைத் தாளோடு அடுக்கிவைப்பது. பக்குவமாக வைத்தால் மூன்று நாலு மாதம் தாங்கும்.

மேனேஜர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். ஃபைலை என்னிடம் அனுப்பி, பழைய கணக்கைப் பார்த்துக் குறிப்பு எழுதச் சொன்னார். லெட்ஜரைத் திருப்பினேன். போன வருஷம் ஐந்து மாதம் தாமதமாகக் கட்டியிருந்தார். நான் எழுதினேன்: "முந்தைய திருப்பிச் செலுத்தல் திருப்திகரமாக இல்லை." ஒரே வரி. எழுத்து நன்றாக இருக்கும் எனக்கு. அந்த வரியை வைத்து மேனேஜர் தவணை இல்லை என்றார். நோட்டீஸ் போனது.

பத்து நாளில் அவர் வந்து முழுத்தொகையையும் வட்டியோடு கட்டினார். எங்கள் புத்தகத்தில் அது நல்ல கணக்கு. நூற்றுக்கு நூறு வசூல். நான்கூட மேனேஜரிடம், "பார்த்தீங்களா சார், கேட்டா வருது" என்று சொன்னேன்.

அடுத்த பட்டத்துக்கு அவர் மனைவியோடு நகைக்கடனுக்கு வந்தார். அந்த அம்மா காதில் இருந்த தோட்டைக் கழற்றித் துண்டு நுனியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். விதை வெங்காயம் வாங்க. சின்ன வெங்காயத்துக்குக் காயையே விதையாக நட வேண்டும். ஏக்கருக்கு ஐந்நூறு அறுநூறு கிலோ போகும். சொந்த விதைக்கு எடுத்துவைத்ததையும் சேர்த்து வயலிலேயே விற்றுத்தான் எங்கள் கடனைக் கட்டியிருக்கிறார். இப்போது விலை ஏறிக் கிடக்கிறது. விற்ற விலையைப்போலப் பலமடங்கு கொடுத்து வாங்கவேண்டும். பேச்சுவாக்கில், போன வருஷம் ஏன் தாமதம் என்று அப்போதுதான் கேட்டேன். கோழிக்கால் நோய். வேர் அழுகி வயலே போய்விட்டது. அப்படியும் ஒரு மாட்டை விற்று எங்கள் கடனைக் கட்டியிருந்தார். நான் "திருப்திகரமாக இல்லை" என்று எழுதியது அந்தக் கட்டலைத்தான்.

டோக்கனை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு அந்தக் குறிப்பு விஷயம் தெரியாது. கடைசிவரை நான் சொல்லவும் இல்லை.

இதை வெறும் வருத்தமாக எடுத்துக்கொள்ளாமல் கேஸாக எடுங்கள். "மூன்று மாதம் கொடுத்திருக்கவேண்டும்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அவசரப்படாதீர்கள். விலை ஏறியது பிறகுதான் தெரியும். குறிப்பு எழுதிய அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பட்டறையில் மழைத்தண்ணீர் இறங்கி வெங்காயம் அழுகியிருந்தால்? விலை இன்னும் விழுந்திருந்தால்? அவரும் போயிருப்பார், வங்கிப் பணமும் போயிருக்கும். ஆகவே முடிவு சரியா தப்பா என்பதைப் பின்னால் வந்த விலையை வைத்துச் சொல்லக்கூடாது. அன்றைக்குக் கேட்டிருக்கக்கூடிய கேள்வியைக் கேட்டோமா, அதை வைத்துச் சொல்லவேண்டும். ஐந்து மாதம் தாமதம் என்று லெட்ஜர் சொன்னது. ஏன் என்று லெட்ஜர் சொல்லாது. எதிரில் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். கேட்க அரை நிமிஷம் போதும். பாதிக் கடனைக் கட்டச் சொல்லி, மீதிக்குத் தவணை கொடுத்து, விதையையாவது காப்பாற்றியிருக்கலாம் என்ற மூன்றாவது வழி அன்று மேனேஜருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. "கொடு, கொடுக்காதே" என்று இரண்டே வழிதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

பி.காம்.-இல் எனக்கு ஐந்தொகை போடச் சொல்லிக் கொடுத்தார்கள். நன்றாகவே கொடுத்தார்கள். பற்றும் வரவும் இன்றைக்கும் எனக்குத் தப்பாது. ஆனால் ஒரு எண்ணைப் பார்த்து, இதற்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று கேட்கப் பழக்கவில்லை. கல்லூரியில் யாராவது ஒரே ஒருமுறை இப்படி ஒரு ஃபைலைக் கொடுத்து, "நீ கிளார்க், என்ன எழுதுவாய்?" என்று கேட்டு, வகுப்பே என்னைக் கிழித்திருந்தால், அந்த வரியை எழுதுமுன் பேனா கொஞ்சம் நின்றிருக்கும். வகுப்பில் செய்யும் தப்புக்கு யார் தோடும் கழலாது பாருங்கள்.

அதே சமயம், எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து என்று நான் சொல்லவில்லை. இதிலும் கோளாறு உண்டு. வகுப்பில் நன்றாகப் பேசுகிறவன் ஜெயித்துவிடுவான். யோசிக்கிறவன் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். பத்துப் பக்கம் படித்துவிட்டு ஒரு கம்பெனியையே நடத்திவிடலாம் என்ற மிதப்பும் வரும். தவிர, நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் கேஸ் என்றால் வினாத்தாளின் கடைசிப் பகுதியில் 15 மதிப்பெண் கேள்வி. அதற்கும் கைடு வந்துவிட்டது. பிரச்சினை, மாற்று வழிகள், பரிந்துரை என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டால் பத்து மதிப்பெண் நிச்சயம். கேஸையே படிக்கவேண்டாம்! விடையில்லாத கேள்விக்கு விடை அச்சடித்து விற்கிறார்கள். அதைக் கேஸ் ஸ்டடி என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு குறை, கேஸ்கள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்காக இருப்பது. ஆனால் ஹார்வர்டே நம் மதுரைக்கு வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. காசு கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்கிறார்கள், அதிலும் நஷ்டமில்லாமல். டாக்டரின் நேரம் வீணாகாதபடி ஒரு அறுவை முடியும்போதே அடுத்தவர் தயாராக இருப்பார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். ஹார்வர்டில் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் இதை 1993-இல் கேஸாக எழுதினார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அங்கே கண் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர்கள். கட்டு அவிழ்த்த கதை சொல்வார்கள். அந்த இடம் எப்படி நடக்கிறது என்று நாம் யோசித்தது உண்டா?

பிள்ளைகளே, உங்கள் கண்ணெதிரே எத்தனை இருக்கிறது! ஒரு டன் சிமெண்ட் செய்ய ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். கல்லைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடுவதா, ஆலையைக் கல் இருக்கும் இடத்தில் வைப்பதா? அரியலூரைச் சுற்றி ஏன் இத்தனை ஆலை என்பதற்கு, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதுவரை போகவேண்டியிருக்கும். அதே கல் ஏற்றிய லாரி ஊருக்குள் போகும்போது தெருவில் இருப்பவனுக்கு வேறு கேஸ். செட்டிகுளத்தில் பின்னாளில் வெங்காயத்துக்கென்றே வணிக வளாகம் வந்தது. அது விவசாயிக்கு எவ்வளவு உதவுகிறது, எங்கே உதவவில்லை என்று ஒரு சனிக்கிழமை போய் நாலு பேரிடம் கேட்டு எழுதிப் பாருங்கள். கைடில் அது வராது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரி தேடும்போது கட்டடத்தையும் பிளேஸ்மெண்ட் போர்டையும் பார்க்கிறீர்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளையிடம், "போன மாதம் வகுப்பில் எந்த கேஸைப் பேசினீர்கள், நீ என்ன சொன்னாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆரம்பித்து நிறுத்தாமல் போனால் நல்ல இடம். முழித்தால், கட்டணத்தைக் கட்டுமுன் இன்னொரு கல்லூரியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. போன கோடையில் நம் போர்வெல் வற்றியபோது நடந்த சண்டை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீர் லாரிச் செலவை வீட்டுக்குச் சமமாகப் பிரிப்பதா, ஆள் கணக்குக்குப் பிரிப்பதா, பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் உண்டா என்று. இன்னும் தீரவில்லை. அதை யார் பெயரும் இல்லாமல், யார் பக்கமும் சாயாமல் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். செயலாளரிடம் பிரதி இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள், அடுத்த மாதம் முதல் ஞாயிறு இதே இடத்தில் பேசுவோம். ஒரே நிபந்தனை: நாலாம் மாடிக்காரர்கள் தரைத்தள வீட்டுக்காரராகவும், தரைத்தளத்தார் நாலாம் மாடிக்காரராகவும் இருந்து பேசவேண்டும். சுண்டல் ஆறிக்கொண்டிருக்கிறது.